பாரிஸ் நடுவே 18 கோபுரங்கள்: 1925-இன் வுவாசான் திட்டம் சொன்னது என்ன, பிசகியது எங்கே?

பழைய குடியிருப்பு எதையாவது இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், சமூக ஊடகங்களில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும். சேன் நதிக்கு வடக்கே, பாரிஸின் நெருக்கமான வீடுகளுக்கு மத்தியில், மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போலத் தெரியும் 18 கோபுரங்கள் ஒரே அளவில் வரிசையாக நிற்கும் மாதிரியின் படம் அது. சிலர் அதற்குக் கீழே "பாரிஸை இப்படி அழிக்கப் பார்த்தார்கள்" என்று எழுதுகிறார்கள். வேறு சிலர் "நூறு வருடத்துக்கு முன்பே எவ்வளவு தொலைநோக்கு" என்று வியக்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். திட்டத்தின் உள்ளே போய், அதன் எண்களை எடுத்துக் கூட்டிப் பார்த்தால்தான் மீதிப் பாதி தெரியும்.

## யார் போட்ட திட்டம்?

லெ கொர்பூசியே என்ற பெயரில் உலகம் அறிந்த சார்ல் எதுவார் ழான்னரே 1887-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். கட்டடக்கலையில் முறையான பட்டம் எதுவும் பெறாமலே இருபதாம் நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க கட்டடக் கலைஞர் ஆனவர். 1922-இல், 30 லட்சம் பேர் வாழக்கூடிய ஒரு கற்பனை நகரத்தை வரைந்து பாரிஸில் காட்சிக்கு வைத்தார். சமதளமான வெற்று நிலம், நடுவில் 60 மாடிக் கோபுரங்கள் 24, சுற்றிலும் குடியிருப்புகள், அதற்கும் வெளியே தோட்ட நகரங்கள்.

வெற்று நிலத்தில் எதையும் வரையலாம், உண்மையான நகரத்தில் இது எப்படி நடக்கும் என்ற கேள்வி வரத்தானே செய்யும்? அதற்கு 1925-இல் அவர் சொன்ன பதில்தான் வுவாசான் திட்டம். அந்த ஆண்டு பாரிஸில் நடந்த பன்னாட்டு அலங்காரக் கலைக் கண்காட்சியில், தன் சிறிய அரங்குக்குள் அதைப் பெரிய காட்சிப்படமாக வைத்தார்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சில் 'வுவாசான்' என்றால் அண்டை வீட்டார். ஆனால் திட்டத்துக்குப் பெயர் வந்தது அந்தப் பொருளில் அல்ல. முதல் உலகப் போரில் விமானங்கள் செய்துவிட்டுப் பிறகு கார் தயாரிப்புக்கு மாறிய காப்ரியேல் வுவாசான் கொடுத்த பணத்தால் வந்த பெயர் அது. பெரிய நகரத்தைக் கார்தான் மூச்சுத் திணற வைத்தது, ஆகவே அதைக் காப்பாற்ற வேண்டியதும் கார்தான் என்பது லெ கொர்பூசியேயின் வாதம். அதைச் சொல்லிக் கார் நிறுவனங்களை அணுகினார். பூழோவும் சித்ரோயெனும் மறுக்க, வுவாசான் ஒப்புக்கொண்டார்.

## அன்றைய பாரிஸுக்கு என்ன நோய்?

இதைச் சொல்லாமல் திட்டத்தைத் திட்டுவது நியாயமில்லை.

1853 முதல் 1870 வரை, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், ஓஸ்மான் என்ற நிர்வாகி பாரிஸைக் கிழித்து அகலச் சாலைகள் போட்டார். இன்று நாம் படங்களில் பார்க்கும் பாரிஸ் பெரும்பாலும் அவர் காலத்து முகம். ஆனால் சாலையை ஒட்டி அழகான முகப்புகள் எழுந்தனவே தவிர, அவற்றுக்குப் பின்னால் பல இடங்களில் பழைய நெரிசல் அப்படியே இருந்தது. மரே, போபூர் போன்ற பகுதிகளில் பல நூற்றாண்டு வயதான வீடுகள். முற்றமாக இருந்த இடத்திலெல்லாம் பட்டறையும் கொட்டகையும் கட்டி அடைத்திருந்தார்கள். ஐந்தாறு மாடி வீடுகளுக்கு நடுவே சில மீட்டர் அகலத்தில் ஒரு சந்து. கீழ்த்தளத்து அறைக்கு வருடம் முழுக்க வெயில் எட்டாது.

அங்கே காசநோய் மண்டிக் கிடந்தது. நோய்க்கிருமியை 1882-இல் ராபர்ட் கோக் கண்டுபிடித்துவிட்டாலும், அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வந்தது 1940-களில்தான். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் மருத்துவர்கள் கையில் இருந்தவை வெயில், காற்று, ஓய்வு, சத்தான உணவு. பாரிஸ் நகர நிர்வாகம் வீடு வீடாக நோய்ச் சாவுகளைக் குறித்துவைத்தது. எந்தக் கட்டடத்தில் திரும்பத் திரும்பச் சாவு விழுகிறது என்பது அந்தக் குறிப்புகளில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. முதல் உலகப் போருக்குப் பின் 17 பகுதிகள் 'சுகாதாரமற்ற பகுதிகள்' என்று எண் போட்டு அறிவிக்கப்பட்டன. போபூர் பகுதி எண் 1. மரேயின் தென்பகுதி எண் 16.

ஆகவே 1925-இல் "இந்தச் சந்துகள் ஆளைக் கொல்கின்றன" என்று ஒருவர் சொன்னால், அதில் மிகை எதுவும் இல்லை. ஜன்னலில் விழும் வெயில்தான் அன்றைய மருந்து. நோயை அவர் சரியாகத்தான் பார்த்தார். சிகிச்சையைத்தான் கவனித்துப் படிக்க வேண்டும்.

## திட்டத்தில் என்ன இருந்தது?

1. இடம்: கிழக்கே ரிபப்ளிக் சதுக்கம், மேற்கே லூவ்ர் தெரு, வடக்கே கிழக்கு ரயில் நிலையம், தெற்கே ரிவோலி தெரு. இதற்கு உட்பட்ட சுமார் 240 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 600 ஏக்கர், வணிக நகரம் ஆகும். அதற்கு மேற்கே, சாம்ஸ் எலிசே பக்கமாக, ஒரு குடியிருப்பு நகரம்.

2. இடிப்பு: தேவாலயங்களும் தேர்ந்தெடுத்த சில பழைய மாளிகைகளும் பூங்காவுக்குள் தனித்தனியாக நிற்கும். மற்றதெல்லாம் போகும்.

3. கோபுரங்கள்: 18. ஒவ்வொன்றும் 60 மாடி, ஏறத்தாழ 200 மீட்டர் உயரம், எஃகுச் சட்டம், கண்ணாடிச் சுவர். ஒரு கோபுரத்தில் 20,000 முதல் 40,000 ஊழியர்கள் வேலை பார்ப்பார்கள். இவை குடியிருக்க அல்ல, அலுவலகத்துக்கு. பலரும் தவறாக எண்ணுவது இங்கேதான்.

4. தரை: கட்டடம் நிற்பது 5 சதவீத நிலத்தில். மீதி 95 சதவீதம் மரங்கள், புல்வெளி, சாலை, வாகன நிறுத்தம்.

5. சாலைகள்: கிழக்கிலிருந்து மேற்காக நகரத்தையே ஊடுருவும் 120 மீட்டர் அகல நெடுஞ்சாலை. குறுக்கே வெட்டும் சாலைகளுக்கு இடையே நீண்ட இடைவெளி, அதனால் கார் நிற்காமல் ஓடும். கோபுரங்களுக்கு அடியில் மெட்ரோ நிலையங்கள்.

6. அடர்த்தி: நெரிசலான அந்தப் பகுதியில் ஹெக்டேருக்கு 800 பேர் இருக்க, திட்டத்தில் 3,500 பேர்.

நான்காவது வரியையும் ஆறாவது வரியையும் சேர்த்துப் படித்தால் யாருக்கும் ஆசை வரும். நான்கு மடங்குக்கு மேல் ஆட்கள், ஆனால் நிலம் முழுக்கப் பூங்கா. இது எப்படி முடியும்? அடுத்துப் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

## எஃப்.எஸ்.ஐ. போட்டுப் பார்த்தால்

வீடு கட்டியவர்களுக்கு எஃப்.எஸ்.ஐ. என்ற சொல் பழக்கமானது. தமிழில் தளப்பரப்புக் குறியீடு. எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் வருவது. ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. அதில் எல்லாத் தளமும் சேர்ந்து 4,800 சதுர அடி கட்டினால் எஃப்.எஸ்.ஐ. 2. இதில் கவனிக்க வேண்டியது, உயரமாகக் கட்டுவதும் அதிகமாகக் கட்டுவதும் ஒன்றல்ல. மனை முழுவதையும் அடைத்து இரண்டு மாடி கட்டினாலும் 2 தான், பத்தில் ஒரு பங்கு மனையில் இருபது மாடி எழுப்பினாலும் 2 தான்.

இப்போது வுவாசான் திட்டத்துக்குப் போடுவோம். நிலத்தில் 5 சதவீதம், 60 மாடி. 0.05 × 60 = 3.

பழைய பாரிஸுக்கும் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். தெருக்களும் சதுக்கங்களும் போக நிலத்தில் 70 சதவீதம் மனைகள் என்று வைத்துக்கொள்வோம். மனையில் 65 சதவீதம் கட்டடம், மீதி முற்றம். சராசரி 6 தளம். 0.70 × 0.65 × 6 = 2.73.

அதாவது, அத்தனையையும் இடித்து 200 மீட்டர் உயரத்துக்கு 18 கோபுரங்கள் எழுப்பினாலும் கிடைக்கும் தளப்பரப்பு, அங்கே ஏற்கெனவே இருந்த ஆறு மாடி நகரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. என் அனுமானங்களை அங்கங்கே சற்று மாற்றிப் போட்டாலும் விடை பெரிதாக நகராது. தரையை 95 சதவீதம் காலியாக விட்டால், 60 மாடியும் அந்தக் காலி இடத்துக்கு ஈடு கட்டவே செலவாகிவிடுகிறது.

அப்படியானால் 800 எப்படி 3,500 ஆனது? இரண்டும் வெவ்வேறு வகை எண்கள். 800 என்பது அங்கே குடியிருந்தவர்கள்: சமைத்து, தூங்கி, பிள்ளை வளர்த்து, அதே கட்டடத்தில் பட்டறையும் கடையும் வைத்திருந்தவர்கள். 3,500 என்பது காலையில் வந்து மாலையில் போகும் ஊழியர்கள். எஃப்.எஸ்.ஐ. 3 என்றால் ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு 30,000 சதுர மீட்டர் தளம். அதை 3,500-ஆல் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 8.6 சதுர மீட்டர். லிஃப்ட், மாடிப்படி, கழிப்பறை, நடைவழி எல்லாம் அதற்குள்ளேயே. ஒரு மேசை நாற்காலிக்கு இது போதும். ஒரு குடும்பம் வாழப் போதாது.

ஆக, அடர்த்தி கூடியது கோபுரத்தால் அல்ல, வீடு இருந்த இடத்தில் மேசையைப் போட்டதால். இது அந்தத் திட்டத்தோடு முடிந்துபோன விஷயமும் இல்லை. இன்றும் மறுசீரமைப்பு விளம்பரங்களில் 'நிலம் மிச்சமாகிறது' என்று கோபுரத்தைக் காட்டும்போது, எத்தனை மாடி என்று கேட்பதைவிட எஃப்.எஸ்.ஐ. என்ன, அங்கே இருந்தவர்களில் எத்தனை பேருக்கு மீண்டும் அங்கேயே வீடு என்று கேட்பதுதான் பயன்.

## வெயில் கணக்கு

சரி, தளப்பரப்பு கூடாவிட்டாலும் வெயிலும் காற்றும் கிடைக்குமே? கிடைக்கும், ஆனால் படத்தில் தெரியும் அளவுக்கு அல்ல.

பாரிஸ் இருப்பது ஏறத்தாழ 49 டிகிரி வடக்கில். டிசம்பர் கடைசியில் உச்சிவேளையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 18 டிகிரிக்கு மேல் ஏறாது. அந்தக் கோணத்தில் 200 மீட்டர் கோபுரத்தின் நிழல் 600 மீட்டரைத் தாண்டி வடக்கே விழும். 240 ஹெக்டேரில் 18 கோபுரம் என்றால் ஒன்றுக்குப் பங்கு 13 ஹெக்டேர் சொச்சம். அதாவது சுமார் 365 மீட்டருக்கு ஒரு கோபுரம். ஆகவே வெயில் மிகவும் தேவைப்படும் குளிர்காலத்தில், ஒரு கோபுரத்தின் நிழல் அதற்கு வடக்கே உள்ள கோபுரத்தின் கீழ்ப்பகுதி மீதும், இடையிலுள்ள பூங்கா மீதும் கிடக்கும். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதும், வெயிலே எட்டாத சந்தைவிட இது எவ்வளவோ மேல் என்பதும் உண்மை. ஆனாலும் 'எங்கும் வெயில்' என்ற வாக்குறுதி கோடைக்காலப் படத்தை வைத்துக் கொடுக்கப்பட்டது.

கண்ணாடிச் சுவருக்கு இதன் மறுபக்கமும் உண்டு. லெ கொர்பூசியேயே 1933-இல் பாரிஸில் சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்புக்காகக் கட்டிய வீடற்றோர் இல்லத்தில் அதைப் பார்க்கலாம். தெற்கு முகம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. உள்ளே குளிர்ந்த காற்று செலுத்தும் ஏற்பாடு அவர் மனதில் இருந்தது, பணம் இல்லாததால் பொருத்தவில்லை. குளிர்காலத்தில் பாதகமில்லை. கோடை வந்ததும் உள்ளே இருந்தவர்கள் வெந்துபோனார்கள். பிறகு திறக்கக்கூடிய ஜன்னல்கள் வைத்து, போருக்குப் பின் வெளிப்புறத்தில் வெயில் மறைப்புப் பலகங்களும் கட்ட வேண்டியிருந்தது. ஒரு கட்டடத்தில் ஜன்னலை மாற்றிவிடலாம். அறுபது மாடிக் கோபுரங்கள் பதினெட்டில்?

## தெரு என்ன வேலை செய்கிறது?

திட்டத்தின் பெரிய பிசகு கணக்கிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை என்பது என் கருத்து. தெருவை அவர் பார்த்த விதத்தில் இருக்கிறது. அவருக்குத் தெரு என்பது போக்குவரத்துக் குழாய். தண்ணீர்க் குழாய் போல, நேராகவும் அகலமாகவும் இருந்தால் வேகமாக ஓடும். கடை, நடப்பவர்கள், வீட்டு வாசல் எல்லாம் அந்தக் குழாயில் அடைப்பு.

அவர் இடிக்கச் சொன்ன மரேயில் ரோசியே தெரு என்று ஒன்று உண்டு. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள் குடியேறிய இடம். ஒரு கட்டடத்தைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். தெருமட்டத்தில் ரொட்டிக்கடை அல்லது இறைச்சிக்கடை. பக்கத்து வாயில் வழியே உள்ளே போனால் முற்றம், முற்றத்தில் தொப்பி தைக்கும் பட்டறை. மேலே வீடுகள். மாடி ஏற ஏற வாடகை குறைவு, கூரைக்கு அடியில் மிகவும் ஏழைகள். வேலைக்கும் வீட்டுக்கும் கடைக்கும் தூரம் சில படிகள்தான். அந்தத் தெரு ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்தது:

1. வழியாக இருந்தது.
2. சந்தையாக இருந்தது. புதிதாக ஊருக்கு வந்தவருக்கு வேலை விசாரிக்கும் இடமும் அதுதான்.
3. நிலத்தைச் சிறு சிறு மனைகளாகப் பிரித்துவைத்தது. ஒவ்வொரு மனைக்கும் தெருவில் ஒரு முகம், ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர். ஒரு கட்டடம் பழுதானால் அதை மட்டும் இடித்துக் கட்டலாம், மற்றவை நிற்கும்.
4. ஜன்னலில் இருப்பவர் வாசலில் விளையாடும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தூரத்தில் மனிதர்களை வைத்தது.

வுவாசான் திட்டத்தில் முதல் வேலை மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் காருக்கு. மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நகரம் காலத்தோடு மாறுவது அதனால்தான். ஆயிரக்கணக்கான சிறு மனைகள் இருந்த இடத்தில் 18 பெரும் கட்டடங்கள் வந்தால், அவற்றில் ஒன்று தேவையற்றுப் போனாலும் 200 மீட்டரையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

அப்புறம், அங்கே இருந்தவர்கள்? நடுவில் அலுவலகம், வசதியானவர்களுக்கு அருகில் அடுக்குக் குடியிருப்பு, உழைப்பாளர்களில் பெரும்பகுதிக்கு வெளிப்புறத் தோட்ட நகரம். 1922-இன் கற்பனை நகரத்தில் 30 லட்சம் பேரில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் இப்படி வெளியேதான் இருந்தார்கள். தொப்பி தைப்பவர் இனி ரயிலேறி வேலைக்கு வர வேண்டும், வந்தாலும் பட்டறை இருக்காது.

## பணம் எங்கிருந்து வரும்?

இதற்கும் அவரிடம் பதில் இருந்தது. அரசு ஒரே உத்தரவில் நிலத்தைக் கையகப்படுத்தி அன்றைய விலையைக் கொடுத்துவிட வேண்டும். அடர்த்தி நான்கு மடங்கானால் நில மதிப்பும் அதற்கேற்ப உயரும். அந்த உயர்விலேயே செலவு அடைந்து லாபமும் வரும். நகரை அமைப்பது செலவல்ல, மதிப்புக் கூட்டல் என்பது அவர் கட்சி. இன்றும் மறுமேம்பாட்டுத் திட்டங்கள் இதே தர்க்கத்தில்தான் ஓடுகின்றன.

அதோடு ஒரு துணிச்சலான யோசனையும் சொன்னார். கோபுரங்களில் அமெரிக்க, ஆங்கிலேய, ஜெர்மானிய முதலீடுகளும் இருக்கட்டும். தங்கள் சொத்து அங்கே இருந்தால் எந்த நாடு பாரிஸ் மீது குண்டு போடும்? முதல் உலகப் போர் முடிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பின்னணியில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

ஓட்டை எங்கே என்றால், நில மதிப்பு உயர்வது வரைபடத்தில் அடர்த்தியைக் கூட்டியதால் அல்ல, அந்த இடத்தை வாங்க ஆள் இருப்பதால். 5 முதல் 7 லட்சம் அலுவலக இருக்கைகளை ஒரே நேரத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தால் வாடகை விழும். மேலே பார்த்தபடி, விற்பதற்கான தளப்பரப்பும் உண்மையில் பல மடங்கு கூடவில்லை.

## நிஜமாகவே பாரிஸ் அழிய இருந்ததா?

இல்லை. எந்த மாமன்றமும் இதை ஆணையிடவில்லை, எந்த அரசும் ஏற்கவில்லை. கண்காட்சி நடத்தியவர்களுக்கே அந்த அரங்கு பிடிக்கவில்லை. சுற்றிலும் உயரமான வேலி எழுப்பி மறைத்தார்கள், அன்றைய அமைச்சர் அனத்தோல் தெ மோன்சி தலையிட்ட பிறகே வேலி அகன்றது. பாரிஸ் மையத்துக்கு இறுதித் தீர்வு கண்டுவிட்டதாகச் சொல்லவில்லை, விவாதத்தைக் காலத்துக்கு ஏற்ற உயரத்துக்குக் கொண்டுபோவதே நோக்கம் என்று லெ கொர்பூசியேயும் எழுதினார். ஆனாலும் சும்மா பேச்சுக்காக அவர் அதை வரையவில்லை. பின்வந்த ஆண்டுகளிலும் பாரிஸ் மையத்துக்கான திட்டங்களை மாற்றி மாற்றி முன்வைத்துக்கொண்டேதான் இருந்தார்.

## கட்டப்படாத திட்டம் கட்டிய நகரங்கள்

வுவாசான் திட்டத்தின் தாக்கம் பாரிஸ் நடுவில் இல்லை, வெளியே இருக்கிறது.

1928-இல் நவீனக் கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டுப் பேரவை உருவானது. 1933-இல் அவர்கள் மார்செயிலிருந்து ஏதென்ஸுக்குக் கப்பலில் போய்க்கொண்டே கூடிப் பேசினார்கள். அந்த முடிவுகளை லெ கொர்பூசியே 1943-இல் 'ஏதென்ஸ் சாசனம்' என்று வெளியிட்டார். குடியிருப்பு, வேலை, பொழுதுபோக்கு, போக்குவரத்து என்று நகரத்துக்கு நான்கு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் தனி இடம். இதைத்தான் மண்டலப் பிரிப்பு என்கிறோம். தோல் பதனிடும் ஆலையை வீட்டுப் பக்கத்திலிருந்து விலக்குவதற்கு அது அவசியம். ரொட்டிக்கடையையும் சேர்த்து விலக்கும்போது வேறு விஷயம் ஆகிவிடுகிறது.

போர் முடிந்தபோது ஐரோப்பாவில் கடும் வீட்டுப் பஞ்சம். வேகமாக, மலிவாக, ஆயிரக்கணக்கில் வேண்டும். திறந்த வெளி, உயர்ந்த கட்டடம், அகலச் சாலை என்ற சூத்திரம் கையில் தயாராக இருந்தது. 1950-களின் நடுவிலிருந்து பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் எழுந்த பெருங்குடியிருப்பு அதற்குப் பிரபலமான உதாரணம். அங்கே வெயில் வந்தது, குளியலறை வந்தது, வெந்நீர் வந்தது. ஒண்டுக்குடித்தனத்திலிருந்து போன குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை, அதை மறக்கக் கூடாது. வராதவை கடையும் வேலையும் நகருக்குப் போகும் வண்டியும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 11 மாடிக் கட்டடங்கள் 33 கொண்ட புரூயிட் ஐகோ குடியிருப்பு 1950-களின் நடுவில் கட்டி முடிந்து, 1972 முதல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இதை 'லெ கொர்பூசியே பாணியின் மரணம்' என்று எழுதுவது வழக்கம். அது அவசர முடிவு. பராமரிப்புச் செலவு முழுவதையும் ஏழைகளின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது, நகரத்தின் மக்கள்தொகையே சரிந்துகொண்டிருந்தது, நிறப்பாகுபாடு வேறு. வடிவத்தை மட்டும் குற்றவாளியாக்கினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இந்தியாவில் அவர் பெயர் சொல்லும் சண்டிகரையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 1951-இல் அந்தப் பணி அவரிடம் வந்தபோது அங்கே 60 மாடிக் கோபுரம் எதுவும் வரையவில்லை. 800-க்கு 1,200 மீட்டர் அளவில் செக்டர்கள், குறைந்த உயர வீடுகள், ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு கடைத்தெரு. அலுவலகம் ஓரிடம், வீடு ஓரிடம், வேகச் சாலை தனி என்ற பிரிப்பு மட்டும் 1925-இலிருந்து அப்படியே வந்தது.

## வேறு வழி இருந்ததா?

இருந்தது, அதுவும் பத்தாண்டு முன்பே, தஞ்சாவூரில்.

ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடஸ் உயிரியல் படித்து நகர அமைப்புக்கு வந்தவர். சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பில் 1914-இல் இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. புதிதாகச் சேகரித்து 1915-இல் சென்னையில் கண்காட்சி வைத்தார். பிறகு மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

தஞ்சைக் கோட்டைப் பகுதியின் நெரிசலைப் போக்க, வீடுகளை இடித்து நேர்ச்சாலை போடும் யோசனை அப்போது இருந்தது. கெடஸ் சந்து சந்தாக நடந்து, வீடு வீடாகப் பார்த்தார். முற்றிலும் பாழான சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, கிடைக்கும் இடங்களைச் சிறு சதுக்கமாக்கி, மரம் நட்டு, இருக்கும் சந்துகளையே இணைத்தால் காற்றும் வெளிச்சமும் வரும், செலவு மிகக் குறையும், பெரும்பாலானோர் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்றார். இந்த முறைக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'காக்கும் அறுவைச் சிகிச்சை' எனலாம். கெட்ட பல்லைப் பிடுங்குவது, தாடையை எடுப்பதல்ல.

பாரிஸும் கடைசியில் கிட்டத்தட்ட அந்த வழிக்குத்தான் வந்தது. 1962-இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மல்ரோவின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்து, மரேயில் 126 ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. முற்றங்களை அடைத்திருந்த கொட்டகைகளை அகற்றி, மாளிகைகளைப் பழுது பார்த்தார்கள். வெயில் உள்ளே வந்தது. ஆனால் வாடகையும் ஏறியது. பட்டறைக்காரர்களும் ஏழைக் குடும்பங்களும் மெல்ல மெல்ல வெளியேறினார்கள். கோபுரம் வந்திருந்தால் ஒரே நாளில் போயிருக்க வேண்டியவர்கள் முப்பது வருடத்தில் போனார்கள். கட்டடத்தைக் காப்பாற்றும் சட்டம் குடியிருப்பவரையும் காப்பாற்றும் என்று நம்பிவிட முடியாது. அதற்கு வாடகைக்கும் தனியாகச் சட்டம் வேண்டும்.

## அந்த 240 ஹெக்டேரில் இன்று

லே ஆல் சந்தையின் இரும்பு மண்டபங்கள் 1971-இல் இடிக்கப்பட்டன. உயரக் கட்டடங்களுக்குத் தனி இடமாக, நகரத்துக்கு வெளியே மேற்கில், 1958 முதல் லா தெஃபான்ஸ் வளர்ந்தது. நகருக்குள் 1973-இல் எழுந்த 210 மீட்டர் மோன்பர்னாஸ் கோபுரத்தைப் பார்த்த பாரிஸ்வாசிகளுக்கு ஒன்றே போதும் என்றாகிவிட்டது. சில ஆண்டுகளில் நகருக்குள் 37 மீட்டர் உயரக் கட்டுப்பாடு வந்தது.

திட்டப் பரப்புக்குள் முழுமையாக மொட்டையடிக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. சுகாதாரமற்ற பகுதி எண் 1, போபூர். 1930-களில் அங்கிருந்த வீடுகளை இடித்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் அது வெறும் வாகன நிறுத்துமிடமாகக் கிடந்தது. 1977-இல் அங்கே பொம்பிடு கலை மையம் திறக்கப்பட்டது. ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் மனையில் ஏறத்தாழ பாதியைக் கட்டாமல் விட்டு, கட்டடத்தை நோக்கிச் சரியும் ஒரு சதுக்கம் ஆக்கினார்கள். வித்தை காட்டுபவர்களும் படம் வரைபவர்களும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களும் அங்கே கூடினார்கள். லெ கொர்பூசியே கேட்ட திறந்த வெளிதான் அது. அதன் ஓரங்களில் சுவராக நிற்பவற்றில் பல, அவர் இடிக்கச் சொன்ன பழைய மாடி வீடுகள். கீழ்த்தளத்தில் இன்றும் கடைகள்.